மேட்டுக்குப் போன கற்கள்

குவாசிமா ஊரில் நாயை விரட்ட ஒரு கல் தேடினால்கூடக் கிடைக்காது. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மண்தான். யூனா ஆறு கொண்டுவந்து கொட்டிய கறுப்பு மண். அந்த மண்ணை நம்பித்தான் ஊரே உண்டானது. முதலில் கொக்கோ, அப்புறம் வாழை, இப்போது நெல். இப்படிப்பட்ட ஊர், மழை பொய்த்தால் தலையில் கல் சுமந்து கல்வாரி மேட்டில் கொண்டுபோய் வைக்கிற வழக்கத்தை எங்கே போய்ப் பிடித்துக்கொண்டதோ தெரியவில்லை. கல்லே இல்லாத ஊருக்குக் கல் சுமக்கிற நேர்ச்சை. நினைத்தாலே எர்சிலியாவுக்கு எரிச்சலாக வரும்.

ஊரில் கல் இருந்தது ஒரே ஓர் இடத்தில், ஆறு திரும்பும் வளைவில். இந்த ஆறு இரண்டு முறை ஊரை விட்டு விலகிப் போயிருக்கிறது. இரண்டு முறையும் ஊர், சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போயிருக்கிறது. கொக்கோ மூட்டைகளைப் படகில் ஏற்றிய பழைய துறை இப்போது யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. அங்கே நின்று ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் மோட்டார் சைக்கிள் பிடிக்க வேண்டும். வாழைக் கம்பெனி வந்த காலத்தில் ஊர் இன்னோர் இடத்தில் இருந்தது. கம்பெனி போகும்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனது. ஜல்லியை ஊரார் வீடு கட்ட அள்ளிக்கொண்டார்கள். ரயில் ஓடிய மண்மேடு மட்டும் மிஞ்சியது. அதன் மேல் மூன்று சிலுவைகளை நட்டுக் கல்வாரி என்று பெயர் வைத்தார்கள்.

நெல் வந்த பிறகுதான், இனியும் இந்த ஆற்றின் பின்னால் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்று ஊருக்குப் புத்தி வந்தது. மேற்கே மலையடிவாரத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மாட்டுவண்டிக் கல் என்று கொண்டுவந்து வளைவில் அடுக்கினார்கள். எர்சிலியாவின் மாமனார் ஓட்டிய வண்டியும் அதில் உண்டு. அன்றிலிருந்து ஆறு அந்த வளைவில் வந்து முட்டும், முனகும், திரும்பிப் போகும். ஊரும் இருந்த இடத்தில் இருந்தது.

அந்தக் கற்களைத்தான் போன மாதம் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் குவித்தார்கள்.

கடும் வறட்சி. வாய்க்காலில் தவளை கத்தி நாளாயிற்று. ஜெபமாலை சொல்லி ஊரை நடத்தும் சுனில்தா, ஒன்பது நாள் நவநாள், நாளுக்கு ஆளுக்கொரு கல் என்று அறிவித்தாள். முன்பெல்லாம் பழைய துறையின் இடிபாட்டில் கல் எடுப்பார்கள். அந்த இடிபாடு இப்போது புதிய கோயிலின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. ஆகவே எல்லோரும் வளைவுக்குப் போனார்கள், அடுக்களைக்குப் போகிற மாதிரி. ஒரு கல்லை எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். ஒன்பது நாளில் வளைவின் மூக்கு மழுங்கிப்போய், பின்னால் இருந்த மண்கரை பல் விழுந்த ஈறு போல வெளியே தெரிந்தது.

எர்சிலியாவின் வயல் வளைவுக்கு நேர் பின்னால். இரண்டாம் நாளிலிருந்தே அவள் கத்தினாள்.

"முதல்ல மழை வரட்டும் எர்சிலியா" என்றார்கள். "தண்ணியே இல்லாத ஆத்துக்குக் கரை எதுக்கு?"

ஒன்பதாம் நாள் பயிர் நுனி கருகத் தொடங்கியபோது எர்சிலியாவும் போனாள். அதையும் சொல்லிவிட வேண்டும். மேல்வரிசையில் ஒரு சின்னக் கல்லாகப் பார்த்து உருவி, அந்த ஓட்டையில் மண்ணையும் சருகையும் திணித்து அடைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வரிசையின் கடைசியில் நடந்தாள். பார்த்தவர்கள் முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவள் கடைவாசலில் நின்று, "சுனில்தா ஜெபிச்சு மழை வரும்னா, என் சேவல் கூவித்தான் சூரியன் வருது" என்று ஊர் சிரிக்கச் சொல்லியிருந்தாள்.

பிறகு மழை வந்தது. நவநாள் முடிந்து சாவகாசமாகத்தான் வந்தது, ஆனால் வந்த மழை நின்றபாடில்லை. பயிர் தலைதூக்கிக் கதிர் விட்டு, கதிர் பால் பிடித்தது. ஊர் கொண்டாடியது. மளிகைக்கடைக்காரன் ஒலிபெருக்கியை வாசலுக்கு இழுத்துப்போட்டுப் பாட்டு வைத்தான், கூரைத் தண்ணீரில் நனைந்துகொண்டே ஜோடி ஜோடியாக ஆடினார்கள். அப்போதுதான் ரேடியோவில் சொன்னார்கள்: மலையில் கொட்டிய மழை ஆற்றில் இறங்கிவிட்டது, நாளை மத்தியானத்துக்கு மேல் கீழ்ப்பகுதிக்கு வெள்ளம் வரும். கடைக்காரன் ரேடியோவை அணைத்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

எர்சிலியா குடையைக்கூட எடுக்காமல் மேயரைப் பார்க்கக் கிளம்பினாள். மேட்டிலிருந்து கல் வளைவுக்கு இறங்காவிட்டால் கதிரோடு வயல் போகும். வயலுக்குப் பின்னால் ஊர் போகும். மூன்றாம் முறையாகச் சட்டிபானையைத் தூக்க வேண்டும்.

மேயர் ராதமேஸ் கல்வாரி மேட்டிலேயே இருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஒருவன் குடை பிடிக்க, நின்றுகொண்டிருந்தான். கற்குவியலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மழையில் பாதி கரைந்து ஒழுகி, குவியலே பால் பொங்கி வழிந்த அடுப்பு மாதிரி இருந்தது. பக்கத்தில் புதுப் பலகை: 'உழவால் எழுந்த ஊர் குவாசிமா: ஒரு வரலாறு.' கீழே மூன்று வரி. கொக்கோவுக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று, நெல்லுக்கு ஒன்று.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. போட்டோ எடுக்கப்போறோம், வந்து நில்லுங்க" என்றான்.

"போட்டோவை விடு. கல்லை எப்ப இறக்கப்போறே?"

"இதையா?" அவன் உண்மையாகவே திடுக்கிட்டான். "அக்கா, இது இப்ப வரலாற்றுச் சின்னம். டூரிஸ்ட் பஸ் நிக்கப்போவுது இங்க."

"அந்த வரலாறு பூராவும் வளைவுலதான் இருந்துச்சு ராதமேஸ். அதைத் தூக்கிட்டு வந்து சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க. நாளைக்கு வெள்ளம் வருது. உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. மாகாணத்துக்குத் தகவல் குடுத்தாச்சு. மெஷின் அனுப்பறாங்க. திங்கக்கிழமை."

"வெள்ளம் நாளைக்கு."

"அதான் அக்கா, அவசரம்னு சொல்லியிருக்கேன்."

எர்சிலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டலாம் என்றால் அந்த முகத்தில் திட்டு விழுந்து நிற்க இடமே இல்லை. மழுமழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. இவனுக்கு ஓட்டுப் போட்ட கையை வெட்டிப்போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தாள்.

கடையில் அவள் புருஷன் துலியோ மூன்று பேரோடு டோமினோ ஆடிக்கொண்டிருந்தான். மழை பெய்தாலும் ஆடுவான், காய்ந்தாலும் ஆடுவான். வறட்சியின்போது, வயலில் வேலை இல்லை என்று ஆடினான். இப்போது, மழையில் வயலில் என்ன வேலை என்று ஆடுகிறான்.

"துலியோ, எழுந்திரு. இவங்களையும் கூட்டிக்கோ. மேட்டுலேருந்து கல் இறக்கணும்."

துலியோ காயைப் பலகையில் ஓங்கி அறைந்தான். "நேர்ந்து வெச்ச கல்லை எப்படித் தொடறது?"

"கையாலதான். எடுத்தப்ப எதால எடுத்தே?"

"அதில்ல எர்சிலியா" என்றான் எதிரில் இருந்தவன். "அந்தக் கல்லை அசைச்சா மழை நின்னுடும்."

"நிக்கட்டுமேய்யா. போதும். இன்னும் எவ்வளவு வேணும் உங்களுக்கு?"

நான்கு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவன் அவசரத்தில் கையிலிருந்த காயோடேயே போட்டுக்கொண்டான். மழை போதும் என்று சொல்கிற வாய் விளங்குமா என்று கடைக்காரன் உள்ளேயிருந்து முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

"உங்கப்பா மாடு கட்டி இழுத்து வந்த கல்லு துலியோ" என்று குரலைத் தணித்துச் சொன்னாள். "அந்த வண்டியில நீயும் வந்தேன்னு நூறு தடவை சொல்லியிருக்கே. குடிச்சா அழுதுகூட சொல்லுவே."

துலியோ பலகையைப் பார்த்தபடியே சொன்னான்: "நீயும்தானே ஒண்ணு எடுத்தே."

மற்ற மூவரும் காய்களை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சுனில்தா சொல்லட்டும், தூக்கறோம்" என்றான் துலியோ, கொஞ்சம் இரக்கத்தோடு. "அவ வெக்கச் சொன்னா, வெச்சோம். அவ எடுக்கச் சொன்னா, எடுப்போம். உன் நாத்தனார்தானே, போய்க் கேளு."

போய்க் கேட்பதற்கு ஆற்றிலேயே விழலாம். எர்சிலியா வீட்டுக்குப் போய்த் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தனியாகவே மேட்டுக்கு ஏறினாள். இரண்டு கல் வைத்தாள், வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கியது. மூன்றாவது கல்லில் கை வைத்தபோது பின்னால் ஒரு குரல் வீறிட்டது. ஊர்த் தையல்காரி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அதை வைய்யி எர்சிலியா. அது என் மக விசாவுக்கு வெச்ச கல்லு."

"மழைக்குன்னு இல்ல சுனில்தா சொன்னா?"

"மழைக்கும்தான். போற வழியில விசாவுக்கும் சொல்லிட்டேன்."

"விசா கெடச்சுதா?"

"இன்னும் இல்ல. அதான் அது இங்கயே இருக்கணும்."

"எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிச்சுட்டான். இது உன்னோடதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?"

அதற்குள் இன்னும் நாலு பேர் ஏறி வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், அந்தக் கல் தன்னுடையது, மூட்டுவலிக்கு வைத்தது, தையல்காரியினுடையது அதோ அந்த ஓரத்தில் என்றார். தையல்காரி விடவில்லை. மூட்டுவலி குறைந்திருக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அப்படியானால் உம்முடைய கல் வேலை செய்கிறது, என்னுடையது செய்யவில்லை, ஆக இதுதான் என்னுடையது என்றாள். இரண்டு பேரும் நனைந்துகொண்டே வாதாடினார்கள். விசாரித்துப் பார்த்தால் மழைக்காக வைத்த கல்லைவிட விசாவுக்கும் லாட்டரிக்கும் வைத்த கல்தான் அதிகம் இருக்கும்போல. எர்சிலியா வண்டியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். இந்த ஜனங்களோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அவளுக்கு அழுகையே வந்தது. அழவும் எரிச்சலாக இருந்தது.

அந்திக்கு முன்னால் சுனில்தாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். சுனில்தா தாழ்வாரத்தில் உட்கார்ந்து பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். துலியோவுக்கு நேர் இளையவள். குடும்பத்துக் குரல் முழுவதும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் ஜெபமாலை தொடங்கினால் அடுத்த தெரு நாய்கூட அடங்கும்.

"வாங்க அண்ணி. சேவல் சௌக்கியமா?"

எர்சிலியா பல்லைக் கடித்துக்கொண்டாள். "கல்லை இறக்கச் சொல்லு. நாளைக்குக் காலையில. நீ சொன்னாத்தான் தொடுவாங்களாம்."

"கல் இறக்கற வழக்கம் கிடையாதே."

"இல்லாட்டி உண்டாக்கு."

"வழக்கத்தை நானா உண்டாக்கறேன்?"

"பின்ன யாரு? போன வருஷம் புனித வாரத்துல தூறல் போட்டதும் ஊர்வலத்தைக் கடைக்குள்ளயே முடிச்சு வெச்சுட்டு, எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து இப்படித்தான்னு சொன்னியே. அந்தக் கடை கட்டி ஆறு வருஷம்கூட ஆகலே."

சுனில்தாவின் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. துவரையை விரலால் அளைந்துகொண்டே இருந்தாள்.

"சொல்றேன்" என்றாள் கடைசியில். "ஆனா நீ முன்னால நடக்கணும். செருப்பு இல்லாம. புனித இசித்ரோ படத்தை நீதான் தூக்கணும். அப்புறம் எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"மழை ஜெபத்தால வந்துதுன்னு."

எர்சிலியாவுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை பெரிய வளைவு, இத்தனை கதிர், ஓர் ஊர் முழுசும், இவளுடைய வீம்புக்குள் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. கூடையைத் தட்டிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பாலேறிய கதிர் கண்ணுக்குள் வந்து நின்றது.

"காலையில சீக்கிரம் மணி அடி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

காலையில் மணி அடித்தது. மழையும் விடவில்லை. மேட்டில் ஊரே கூடியிருந்தது, பிளாஸ்டிக் பைகளும் குடைகளும் வாழை இலைகளுமாக. சுனில்தா சிலுவையடியில் நின்று, நிறைவேறிய நேர்ச்சையின் கல் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றும், அதை ஒரே ஆள் சுமக்கக் கூடாது, கை மாற்றிக் கை மாற்றிப் போக வேண்டும் என்றும், ஒவ்வொரு கை படும்போதும் வேண்டுதல் பெருகும் என்றும் சொன்னாள். எர்சிலியாவே ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள், அப்படி இருந்தது அந்தக் குரல். தையல்காரி கையை உயர்த்தி, விசாவுக்கும் பெருகுமா என்று கேட்டாள். விசாவுக்குத்தான் அதிகம் பெருகும் என்று சுனில்தா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"அதுக்கு முன்னால எங்க அண்ணி ஒண்ணு சொல்லணும்னாங்க."

எர்சிலியா வெறுங்காலோடு, உழவர்களின் பாதுகாவலர் இசித்ரோவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னே வந்தாள். எதிரே முந்நூறு முகம். துலியோ டோமினோக்காரர்களுக்கு நடுவே நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழை வந்துச்சு" என்றாள்.

"எதால?" என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஜெபத்தால."

"யாரோட ஜெபத்தால?"

"சுனில்தாவோட ஜெபத்தால. போதுமா? இப்ப வரிசையில நில்லுங்க, ஆறு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காது."

கூட்டம் கை தட்டியது. நாத்தனாரின் முகத்தில் வெற்றி எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தொலைக்கலாம் என்று எர்சிலியா திரும்பினாள். சுனில்தா தலைகுனிந்து ஜெபமாலை மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிரில் நடுங்குகிறாள் என்று எர்சிலியா நினைத்தாள்.

மேட்டுக்கும் வளைவுக்கும் நடுவே எர்சிலியாவின் வயல்தான். வரப்பின் மேல் வரிசை நின்றது. சுனில்தா மன்றாட்டு மாலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு புனிதர் பெயருக்கும், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று ஊர் பதில் சொன்னது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கல் ஒரு கை மாறியது. முதலில் தடுமாறினார்கள், பிறகு தாளம் பிடிபட்டது. படத்தை ஒரு கழியில் மாட்டிவிட்டு எர்சிலியா வளைவில் இடுப்பளவு சேற்றில் இறங்கி நின்றாள்.

"புனித இசித்ரோவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பெரிய கல்லு அடியில வைய்யுங்க."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"யோவ், அடியிலன்னு சொன்னேன்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

வரப்பில் இடம் போதாமல் வயலுக்குள்ளும் இறங்கினார்கள். பால் பிடித்த கதிர் கால்களுக்கடியில் மசிவதை எர்சிலியா பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தால் ஜெபம் நின்றுவிடும், ஜெபம் நின்றால் கல் நின்றுவிடும். மேயரும் வந்து நின்றான். அவன் சட்டையில் சுண்ணாம்பும் சேறும் ஒட்டி, முதல் முறையாக அவன் ஏதோ வேலை செய்தவன் மாதிரி தெரிந்தான். துலியோ வரிசையின் கடைசிக்கு, வளைவுக்கே வந்துவிட்டான். யாரும் சொல்லாமலே சேற்றில் இறங்கிக் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து, இடுக்கு விழாமல் பொருத்தினான். அப்பா எப்படி வைத்தார் என்பது அவன் கைக்கு நினைவிருந்தது. எர்சிலியாவுக்கு அவன் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை டோமினோவுக்காக வைத்துக்கொண்டாள்.

புனிதர்கள் எல்லாரும் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அதுவும் தீர்ந்து, சுனில்தா ஊரில் செத்துப்போனவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். மாட்டுவண்டி ஓட்டியவர்களின் பெயர்கள். ஊர் அதற்கும் அதே பதிலைச் சொன்னது. கடைசிக் கல் வந்து சேர்ந்தபோது மத்தியானம். மேட்டில் பலகை மட்டும் தனியாக நின்றது.

வெள்ளம் சத்தமில்லாமல் வந்தது. காப்பி நிறத் தண்ணீர், அதில் வாழை மரங்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று. வளைவில் வந்து முட்டியது. அடிவரிசை மறைந்தது, நடுவரிசை மறைந்தது. மேலே இரண்டு வரிசை மிச்சம் இருக்கையில் தண்ணீர் முனகியது, திரும்பியது, போனது. ஊர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கடைக்குப் போய்ப் பாட்டை வைத்தது. சுனில்தாவின் ஜெபத்தால் வந்த மழை, சுனில்தாவின் ஜெபத்தால் திரும்பிய வெள்ளம் என்று அங்கே இப்போதே பேச்சு. எர்சிலியாவுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் சுனில்தா ஒரு தூக்கில் சூடாகக் கோழி சூப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு வாய் குடித்த பிறகு எர்சிலியா கேட்டாள்.

"நவநாள்ல நீதானே முன்னால நடந்தே. எல்லாரும் எங்கேருந்து கல் எடுக்கறாங்கன்னு உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது. மொதக் கல்லை நான்தான் எடுத்தேன். அடிவரிசையிலேருந்து. எங்கப்பா வண்டியில வந்தது."

"அடிவரிசையிலேருந்தா?" எர்சிலியா தூக்கைக் கீழே வைத்தாள். "உனக்குப் புத்தி இருக்கா? வெள்ளம் வந்தா என்ன ஆகும்னு நெனைக்கவே இல்லையா?"

"வரும்னு நெனைக்கலே அண்ணி."

"எது, வெள்ளமா?"

"மழை."

எர்சிலியா அவளைப் பார்த்தாள். சுனில்தா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சு. குரல் இருக்கு, அதனால நிக்கறேன்."

"அப்ப எதுக்கு ஒன்பது நாள்? எதுக்கு ஊரையே கல் சுமக்க வெச்சே?"

"தலைநகரத்துக்குப் போறவங்க எல்லாரும் ஆசீர்வாதம் வாங்க என் வீட்டுக்குத்தானே வருவாங்க. நவநாளுக்கு முந்தின வாரம் மூணு குடும்பம் ஊரை விட்டே போச்சு. அடுத்து யார் யார் மூட்டை கட்டி வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். இன்னொரு தடவை ஊர் கலைஞ்சா சேராது. ஒன்பது நாள் கல் சுமக்கணும்னேன். நேர்ச்சையைப் பாதியில விட்டுட்டு எவன் போவான்? ஒன்பது நாளும் ஒருத்தரும் பஸ் ஏறலே."

"பத்தாம் நாள்?"

"அதைப் பத்தி யோசிக்கலே. பாரமா ஏதாவது கையில குடுக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

கடையிலிருந்து பாட்டும், யாரோ டோமினோக் காயை அறையும் சத்தமும் வந்தன. எர்சிலியாவுக்குக் காலையில் எல்லார் முன்னாலும் தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தவளே அதை நம்பவில்லை. திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தை வரிசையில் வந்து நின்றது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"என்னை மட்டும் எதுக்குச் சொல்ல வெச்சே?"

"நீ சொன்னா ஊர் நம்பும் அண்ணி. நீ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்." சுனில்தா கொஞ்சம் தயங்கினாள். "நானும் கேக்கணும்னு நெனச்சேன். ஒன்பதாம் நாள் நீ மேல்வரிசையிலேருந்து எடுத்தே. இருக்கறதுலயே சின்னக் கல்லு. எடுத்துட்டு அந்த ஓட்டையை மண்ணு வெச்சு அடைச்சே. நான் பாத்தேன். எதுக்கு?"

"எதுக்குன்னா? இதென்ன கேள்வி. மழை வந்தா தண்ணி உள்ள வந்துடுமேன்னுதான்" என்று சீறினாள் எர்சிலியா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"அதான்" என்றாள் சுனில்தா. "முந்நூறு பேர் நடந்தோம். மழை வரும்னு நம்பினது நீ ஒருத்திதான்."

தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறி, மேல்வரிசைக்குக் கீழே வந்து நின்றது. அங்கே ஓரத்தில் அந்தச் சின்னக் கல், சுண்ணாம்பு பாதி போய், தன் இடத்தில் இருந்தது. யார் கையில் வந்து யார் வைத்ததோ தெரியவில்லை.

"இதைக் கடையில போய்ச் சொன்னே" என்றாள் எர்சிலியா, "அடிவரிசையில உன்னையும் சேத்து வெச்சிடுவேன்."

தூக்கில் மிச்சமிருந்த சூப்பை நாத்தனாரிடம் நீட்டிவிட்டு, மசிந்து கிடந்த கதிர்களை நிமிர்த்தி வைக்க வயலுக்குள் இறங்கினாள்.